சுழலக் கூடாத சக்கரம்

நாலாம் வகுப்பு படிக்கும் என் தங்கச்சிக்குப் 'பொய்க்காரி' என்று பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதுவும் ஒரு பொய்கூடச் சொல்லாமல்.

அவள் வகுப்பில் வெள்ளிக்கிழமை மதியம் யாராவது ஒரு குழந்தையின் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து தன் வேலையைப் பற்றிச் சொல்லுவார். ஒரு பல் டாக்டர் முழ நீளத்துக்குப் பிரஷ்ஷும் தலையணை அளவுக்குப் பல்வரிசையும் கொண்டுவந்து தேய்த்துக் காட்டினார். அடுத்த வாரம் ஒரு லாரி டிரைவர் மொத்த வகுப்பையும் வாசலுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு தடவை ஹாரன் அடிக்கவிட்டார். அன்றைக்கு முப்பத்தெட்டு குழந்தைகளுக்கும் வாழ்க்கையின் லட்சியம் தெளிவாகிவிட்டது. எங்கள் வீட்டிலோ அப்பா ஆபீசில் கோப்புகளுக்கு எண் போடுகிறவர். அம்மா துணிக்கடையில் அளவெடுக்கிறவள்.

"நம்ம வீட்ல யாருமே எதுவுமே இல்லல்ல?" என்று தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள் தங்கச்சி.

எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டாம் வருட இயற்பியல் மாணவனுக்கு மனசு கேட்காவிட்டால் அவனால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. விளக்க ஆரம்பித்துவிடுவான்.

"எங்க லேப்ல ஒரு சுத்துற நாற்காலி இருக்கு. அதுல உக்காந்து ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கையில பிடிச்சுக்கணும். நடுவுல ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கும். யாராவது சக்கரத்தை வேகமாச் சுத்திவிடணும். அப்புறம் அதை இப்படிச் சாய்ச்சா..." என்று என் தட்டைச் சாய்த்துக் காட்டினேன். தட்டில் இருந்தது மடியில் விழுந்தது. "...நாற்காலி தானாச் சுத்தும். யாரும் தள்ள வேண்டாம்."

"பேய் மாதிரியா?"

"பேய் இல்ல. கோண உந்தம்."

"பேயே பரவால்ல, புரியுது," என்றாள் அம்மா, துடைக்கத் துணி எடுத்துக்கொண்டே.

மறுநாள் தங்கச்சி வகுப்பில் எழுந்து நின்று, பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை தன் அண்ணன் வந்து ஆளைத் தொடாமலே சுற்றவைப்பான் என்று அறிவித்துவிட்டாள். பல் டாக்டர் மகள், "புருடா," என்றாள். லாரி டிரைவர் மகன் நியாயமானவன். "சுத்தினா ஒத்துக்கலாம். சுத்தலேன்னா இவ பொய்க்காரி," என்றான். காலக்கெடு வரைக்கும் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. பெயரை அன்றைக்கே வைத்துவிட்டார்கள்.

"வருவல்லண்ணா?"

"வராம?"

ஐந்து வாரம் இருந்தது. ஒரு சக்கரத்தை எடுத்துக்கொண்டு மூன்று தெரு தள்ளிப் போக ஐந்து வாரம் எதற்கு என்று நினைத்தேன். எனக்கு அப்போது வயது பத்தொன்பது.

முதலில் தலைமையாசிரியையைப் பார்த்தேன். "தனியா வந்தா நீங்க இவ அண்ணன். காலேஜ் கடிதத்தோட வந்தா விஞ்ஞானி. எங்களுக்கு விஞ்ஞானிதான் வேணும்," என்றார்.

"லாரி டிரைவர் கடிதம் கொண்டுவந்தாரா மேடம்?"

"அவர்கிட்ட லைசென்ஸ் இருந்தது."

லேப்பில் கேட்டதற்கு, சக்கரமும் நாற்காலியும் இயற்பியல் மன்றத்தின் பெயரில்தான் வெளியே போகும் என்றார்கள். கடிதமும் மன்றம்தான் தரும். ஆகவே மன்றத்தில் சேர்ந்தேன்.

செயலாளர் மூன்றாம் வருட அக்கா. கழுத்தில் அடையாள அட்டை, பையில் மூன்று நிறப் பேனா. நான் சேர வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன பதவிக்கு?"

"பதவி வேண்டாங்க்கா. சும்மா உறுப்பினரா."

அவர் கண் கலங்கின மாதிரி இருந்தது. மன்றத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். தலைவர், இரண்டு துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், ஒலிபெருக்கிப் பொறுப்பாளர் என்று பதினொரு பதவி. "இது வரைக்கும் எங்களுக்கு உறுப்பினர்னே யாரும் கிடைச்சதில்ல தம்பி," என்றார். அன்றைய கூட்டத்தில் என்னை நடுவில் உட்காரவைத்துப் பதினொரு பேரும் சுற்றி உட்கார்ந்து என்னை வழிநடத்தினார்கள்.

கூட்டம் சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசிப்பதில் தொடங்கியது. சென்ற கூட்டத்தில் அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டதாகக் குறிப்பில் இருந்தது. அதில் ஒரு கமா விடுபட்டிருந்ததைத் துணைத் தலைவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். இன்னொரு துணைத் தலைவர் அது தேவையில்லை என்றார். நேரம் முடிந்தது.

மன்றத்துக்கு ஆலோசகர் ஒருவர் உண்டு. பேராசிரியர். இருபத்து மூன்று வருடமாக எங்கள் துறையின் அத்தனை கமிட்டிகளிலும் இருப்பவர். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். பேசுவார், அவ்வளவுதான்.

"நான் மாணவனா இருந்தப்ப," என்றார் இரண்டாவது கூட்டத்தில், "இந்த மன்றத்துல வருஷத்துக்கு முப்பது நிகழ்ச்சி நடக்கும். ஒரு ஒழுங்கு கிடையாது. யார் வேணா வருவாங்க, பார்ப்பாங்க, கேள்வி கேப்பாங்க, சந்தோஷமாப் போயிடுவாங்க. நான் பொறுப்பேத்த பிறகு அதையெல்லாம் முறைப்படுத்தி, இன்னைக்கு வருஷத்துக்கு ஒண்ணுன்னு கொண்டுவந்திருக்கோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். உறுப்பினர் என்ற முறையில் நானும் தட்டினேன்.

வெளிக்களப் பணிக்கு ஒரு படிவம் இருந்தது. எட்டுப் பக்கம். 'இந்நிகழ்ச்சியால் சமுதாயத்தில் ஏற்படும் மாற்றம் எவ்வளவு?' என்ற இடத்தில் '38 குழந்தைகள்' என்று எழுதினேன். திரும்பி வந்தது. இயற்பியல் துறையில் எந்த அளவையும் இப்படி மொட்டையாக எழுதலாமா, தசமப் புள்ளிக்குப் பிறகு ஓரிடமாவது வேண்டாமா என்று சிவப்புப் பேனாவில் கேட்டிருந்தார்கள். '38.0 குழந்தைகள்' என்று திருத்தினேன். மறுபடி வந்தது. பிழை வரம்பு எங்கே? தங்கச்சியைக் கலந்தாலோசித்ததில், எந்த நேரத்திலும் ஒரு குழந்தை பாத்ரூமில் இருக்கும் என்று தெரிந்தது. 'கூட்டல் கழித்தல் ஒன்று' என்று சேர்த்தேன். படிவம் ஏற்கப்பட்டது. கூட்டலில் அந்த முப்பத்தொன்பதாவது குழந்தை எங்கிருந்து வரும் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பாதுகாப்புத் துணைக்குழு கூடியது. ஆபத்துகளைப் பட்டியல் போட்டார்கள். கைப்பிடி வழுக்கலாம். நாற்காலி சாயலாம். குழந்தைக்குத் தலை சுற்றலாம். கடைசியாக ஒலிபெருக்கிப் பொறுப்பாளர் கையைத் தூக்கி, "சக்கரம் சுழல வாய்ப்பிருக்கு," என்றார். இதுவரை அந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை.

ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு அனுமதிக் கடிதம் வந்தது. சக்கரத்தையும் நாற்காலியையும் எடுத்துச் செல்லலாம், கடுமையான ஒரே நிபந்தனை: நிகழ்ச்சியின் எந்தக் கட்டத்திலும் இரண்டும் சுழலக் கூடாது.

ஆலோசகர் அறைக்கு ஓடினேன். "சார், சுத்தாட்டி அங்க போய் என்ன சார் காட்டுறது?"

"சுழற்சியோட கருத்தைக் காட்டு தம்பி."

"கருத்தையா?"

"கருத்து எவ்வளவு வேகமா வேணா சுழலட்டும். அதுக்குக் குழு தடை சொல்லலையே."

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி வாசலிலேயே நின்றாள். "கடிதம் கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு," என்றேன். இதுவும் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் உள்ளே ஓடி ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். வகுப்பில் யார் யார் எந்த வரிசையில் நாற்காலியில் உட்காருவது என்று முப்பத்தெட்டு பேரையும் எழுதி வைத்திருந்தாள். தன்னைப் பொய்க்காரி என்றவர்களைக் கடைசியில் தள்ளியிருந்தாள். பக்கத்தின் முக்கால்வாசி கடைசியாகவே இருந்தது. பல் டாக்டர் மகளை முதலில் எழுதி, அடித்து, கடைசியில் எழுதி, அதையும் அடித்து, மறுபடி முதலில் எழுதியிருந்தாள்.

"அவதான் ரொம்பக் கத்தினா. அவ முதல்ல சுத்தட்டும்," என்றாள்.

அன்று என் தட்டை நான் தொடவில்லை. அம்மா பார்த்தாள். "கோண உந்தமா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மிச்ச நாட்கள் ஒத்திகைக்குப் போயின. நான் சுழலாத நாற்காலியில் சுழலாத சக்கரத்துடன் உட்கார, பதினொரு பேரும் வியந்தார்கள். வியப்பு போதவில்லை என்று இரண்டு தடவை திரும்ப வியந்தார்கள். அறிக்கை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். நிகழ்ச்சியோ இரண்டு மணிக்கு. ஆகவே வியாழக்கிழமையே அறிக்கையை எழுதினோம். 'குழந்தைகள் ஆனந்தத்தில் ஆர்ப்பரித்தனர். நேரம் போதாமையால் பிரியாவிடை பெற்றோம்.' செயலாளர் அக்கா படித்துவிட்டு, "நல்ல நிகழ்ச்சி இல்ல தம்பி?" என்றார், ஏக்கத்தோடு.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரும் ஆலோசகருமாகப் பள்ளிக்குப் போய் இறங்கினோம். சக்கரத்தை நாற்காலிக் காலோடு சேர்த்து பேனர் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் 'காட்சிக்கு மட்டும்' என்று அட்டை மாட்டியிருந்தது.

பேனர்தான் முதலில் உள்ளே போனது. அது வகுப்பறையைவிட ஒரு முழம் நீளம். மடிக்கலாம் என்றால் மடிப்பில் ஆலோசகரின் பட்டங்கள் போகும். மூலையில் இருந்த இரண்டு பெஞ்சையும் அதில் இருந்த எட்டுக் குழந்தைகளையும் வராந்தாவுக்கு மாற்றி இடம் செய்தோம். பேனர் வராந்தா வரை வளைந்து வந்து அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அடுத்து புகைப்படம். முன்வரிசைக் குழந்தைகளின் தலைகள் மன்றத்தின் பெயரை மறைத்தன.

"கொஞ்சம் குனிஞ்சுக்கங்க கண்ணுங்களா," என்றார் செயலாளர்.

குனிந்தார்கள்.

"இன்னும்."

படத்தில் பேனரும் பன்னிரண்டு பேரும் ஆலோசகரும் பளிச்சென்று விழுந்தோம். கீழே சில சீவிய தலைகளின் வகிடு தெரிகிறது.

பிறகு ஆலோசகர் பேச வேண்டும். அவருக்கு முழங்கால் வலி. வகுப்பில் இருந்த பெஞ்சுகள் எல்லாம் ஒன்பது வயது உடம்புக்குச் செய்தவை. டீச்சரின் நாற்காலியில் பேனரின் ஒரு முனை கட்டியிருந்தது. மிச்சம் இருந்த ஒரே இருக்கை நாங்கள் கொண்டுவந்த நாற்காலிதான். அதில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி, பேச ஆரம்பித்தார். படக்காட்சி கொண்டுவந்திருந்தார். பள்ளியில் காட்டக் கருவி இல்லை. அதனால் பேச்சு நிற்கவில்லை. "இந்தப் படத்தில் நீங்கள் பார்ப்பது," என்று வெறும் சுவரைக் காட்டினார். குழந்தைகள் சுவரைப் பார்த்தார்கள். "அடுத்த படம்," என்றார். அதே சுவரைப் பார்த்தார்கள்.

"அறிவியலை மக்கள்கிட்ட கொண்டுபோய்ச் சேர்க்கணும். இருபத்து மூணு வருஷமா நாங்க சேர்த்துக்கிட்டேதான் இருக்கோம். மக்கள்தான் இன்னும் வந்து சேரல."

மணி மூன்றேகால். மூன்றரைக்குப் பள்ளி விடும். பின்பெஞ்சில் கிசுகிசு கேட்டது. பொய்க்காரி, பொய்க்காரி. தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் அந்த நோட்டு இருந்தது. என்னைப் பார்த்தாள். எனக்குத் தரையில் பார்க்க நிறைய இருந்தது.

கடைசிக் கட்டம் கேள்வி நேரம். குழந்தைகள் என்ன கேட்பார்கள் என்று தெரியாத நிலை வந்துவிடக் கூடாது என்று கேள்விகளை நாங்களே சீட்டில் எழுதி நாலு பேருக்குக் கொடுத்திருந்தோம். ஒரு சீட்டு தங்கச்சி கையில் இருந்தது. எழுந்தாள்.

"இந்த மன்றம் எந்த ஆண்டு தொடங்கப்பட்டது?" என்று வாசித்தாள்.

ஆலோசகர் மகிழ்ந்து ஆண்டையும் மாதத்தையும் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அந்தச் சக்கரம் சுத்துமா சார்?"

"நல்லா சுத்தும்மா."

"அப்ப சுத்துங்க."

"இன்னைக்கு சுத்தாது. அனுமதி இல்ல."

"யாரு சார் அனுமதி தரணும்?"

"பாதுகாப்புத் துணைக்குழுத் தலைவர்."

"அவர் யாரு?"

ஆலோசகர் வாயைத் திறந்தார். பிறகு திரும்பி, பேனரில் தன் பெயருக்குக் கீழே இருந்த பட்டியலைப் பார்த்தார்.

"நான்தாம்மா," என்றார்.

நான் வீரன் இல்லை. பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்கவே மூன்று நிறுத்தம் யோசிப்பவன். ஆனால் அவள் உட்காரவேயில்லை, நின்றுகொண்டே இருந்தாள். நான் குனிந்து நாற்காலிக் காலில் இருந்த முடிச்சை அவிழ்த்தேன். சக்கரத்தை எடுத்து, செங்குத்தாகப் பிடித்து, உள்ளங்கையால் டயரை அடித்து அடித்துச் சுற்றிவிட்டேன். ஆரக்கால்கள் மறைந்து புகைமாதிரி ஆகும் வரை விடவில்லை.

"தம்பி! நிபந்தனை!" என்றார் செயலாளர் அக்கா.

ஆலோசகரிடம் நீட்டினேன். கேடயம், நினைவுப் பரிசு, சான்றிதழ் என்று எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கி, நிமிர்ந்து கேமராவைப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். வாங்கிவிட்டார். வாங்கின பிறகுதான் அது உறுமுவது தெரிந்தது.

"சார், மெதுவா ஒரு பக்கமாச் சாய்ங்க."

சாய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தியா, புருடா," என்றாள் பல் டாக்டர் மகள்.

"காலைத் தூக்குங்க சார்!" என்று தங்கச்சி கத்தினாள். "கால் கீழ இருந்தா எப்படிச் சுத்தும்? தூக்குங்க!"

அவர் சக்கரத்தை நிமிர்த்த, பாலிஷ் போட்ட இரண்டு ஷூவும் தரையைவிட்டு எழுந்தன. மறுபடி சாய்த்தார். நாற்காலி, யாரும் தொடாமல், பெரிய மனுஷத் தோரணையோடு சுற்ற ஆரம்பித்தது. ஆலோசகர் குழந்தைகளைவிட்டு விலகி, ஜன்னலைக் கடந்து, தன் பட்டங்களை ஒருமுறை முழுசாகப் பார்வையிட்டு, வராந்தாக் குழந்தைகளுக்கு முகம் காட்டி, மறுபடி வகுப்புக்கு வந்தார். வகுப்பில் அப்போது எழுந்த சத்தம், முந்தின நாள் நாங்கள் எழுதிய ஆர்ப்பரிப்பில் அடங்காது. இன்னொரு சுற்றுப் போனார். சக்கரத்தை நிமிர்த்தினார், நாற்காலி நின்றது. மறுபக்கம் சாய்த்தார், எதிர்ப்பக்கம் போனது.

நின்றதும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். என் மூன்றாம் வருடமே அந்த முகத்தில்தான் இருந்தது. தலைமுடி கலைந்து நெற்றியில் விழுந்திருந்தது.

"இன்னொரு தடவை சுத்திவிடு தம்பி," என்றார்.

"சார்," என்றாள் தங்கச்சி. நோட்டைத் திறந்துகொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். "உங்க முறை ஆயிடுச்சு. மத்தவங்களும் இருக்காங்கல்ல? கடைசில போய் நில்லுங்க."

ஆலோசகர் எழுந்தார். முப்பத்தெட்டு பேர் கொண்ட வரிசையின் கடைசியில் போய் நின்றார். பல் டாக்டர் மகள் ஏறி உட்கார்ந்து, சுற்றி, இறங்கி, ஓடிப்போய் அவருக்குப் பின்னால் மறுபடி நின்றாள்.

மூன்றரை மணி அடித்தது. ஒருத்தரும் நகரவில்லை. செயலாளர் அக்கா மூன்று பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"சார், இதை எந்தத் தலைப்புல எழுதறது?"

"எழுதாதே," என்றார் ஆலோசகர் பதறி. "எழுதினா விளக்கம் கேட்டு எனக்கு நானே கடிதம் போடணும். ஏழு நாளுக்குள்ள பதிலும் நானே குடுக்கணும். சும்மா வரிசையில நில்லும்மா." அக்கா பேனாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தலைவர் நின்றார். இரண்டு துணைத் தலைவர்களுக்குள் யார் முன்னால் நிற்பது என்று சின்னத் தகராறு.

லாரி டிரைவர் மகன் சுற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளாடிக்கொண்டே இறங்கினான். "ஒத்துக்கறேன்," என்றான் தங்கச்சியிடம். "இனிமே உன்னைப் பொய்க்காரின்னு யாரும் சொல்லக் கூடாது." வகுப்புக்கு அவன் சொன்னால் சொன்னதுதான்.

அந்தப் பெயர் போய் முழுசாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"அடுத்த தடவை," என்று தங்கச்சி வகுப்புக்கே கேட்கிற மாதிரி சொன்னாள், "எங்க அண்ணன் மின்னல் கொண்டு வருவான்."

சுவரோரமாக வளைந்து என் பக்கமே வந்துவிட்ட வரிசையில் இருந்த ஆலோசகர் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"மின்னலா? முடியுமா தம்பி?"

"முடியும் சார். சின்னதா, விரல் நீளத்துக்கு வரும். அதுக்கு மிஷின் நம்ம லேப்லயே இருக்கு. உள்ளறை அலமாரியில."

"அப்படியா? நான் பார்த்ததே இல்லையே!"

"பூட்டியே இருக்கும் சார்."

"சாவி யார்கிட்ட?"

நான் அவரையே பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வரிசை ஓரடி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.